பெட்ரோல் வாசனை

சோக்கை இழுத்துப் பிடித்தால் வண்டி ஓடியது. உள்ளே தள்ளினால் நாலு தரம் இருமிவிட்டு நின்றது. பூபதி கிக்கரை மறுபடி மிதித்தான். எட்டாவது மிதியா ஒன்பதாவதா என்று எண்ணிக்கொண்டே வந்தவன் நடுவில் விட்டுவிட்டான், விட்டதும் பயமாக இருந்தது, எண்ணிக்கை விட்டுப்போவது எல்லாருக்கும் நடப்பதுதான், இதற்கெல்லாம் பயந்தால் ஆகுமா, ஒன்பது என்றே வைத்துக்கொள்ளலாம். அந்த ஒன்பதாவது மிதிக்கு வண்டி உயிர்பெற்று, லைன் வீட்டு வாசல் முழுக்க வெள்ளைப் புகையைத் தள்ளி, ஹேண்டில்பார் கையில் நிற்காமல் நடுங்கி, சைலன்சரில் ஒரு வெடி வெடித்து அடங்கியது. மூன்றாம் வீட்டுச் சரஸ்வதியக்கா கொடியில் போட்டிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள், ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல மாட்டாள், இந்த ஆறு வீட்டுக்காரர்களும் இரண்டு வருடமாக அவனிடம் உரக்கப் பேசுவதில்லை. பெட்ரோல் வாசனை வந்தது. வரத்தான் செய்யும். காலையில் டேங்கிலிருந்த பழைய பெட்ரோலை அவன்தான் வாளியில் வடித்தான், காபி டிகாஷன் நிறத்தில் இறங்கியது, வார்னிஷ் மாதிரி நெடி. புதிதாக ஊற்றிய ஒரு லிட்டரிலும் கொஞ்சம் கையில் சிந்தியது. அப்புறம் வாசனை வராமல் என்ன செய்யும். இருந்தாலும் அவன் குனிந்து புறங்கையை மோந்து பார்த்தான். கையில் இருக்கிறது. கையில் இருந்தால் நல்லது. கையில் இருக்கிறவரைக்கும் வெளியேயிருந்துதான் வருகிறது என்று அர்த்தம்.

இரண்டு வருடம் தார்ப்பாய்க்குள் நின்ற வண்டி. ஒருநாள் விட்டு ஒருநாள் உதைத்து வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை என்று தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவன்தான் தார்ப்பாயைத் தொடவே இல்லை. பிளக்கைக் கழற்றினான். கரி பூசி ஈரமாக இருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, ஊதி, இஞ்சினின் மேல் சாய்த்து வைத்துக் கிக்கரைக் கையால் அழுத்தினான், நுனியில் நீலமாக ஒரு பொறி தாவியது. பொறி இருக்கிறது. அப்படியானால் கோளாறு பெட்ரோல் போகிற வழியில். இந்த மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவது அவனுக்குப் பழக்கம், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் பழுது பார்த்தவன், எந்த மெஷினிலும் இதில்லை இதில்லை என்று கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒன்று மாட்டிக்கொள்ளும். தன் தலை மட்டும்தான் அப்படி மாட்டவில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை, மின்சாரக் கம்பிகளை மண்டை முழுக்க ஒட்டி எடுத்த படத்தில்கூடப் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள், சிலருக்கு இப்படித்தான், காரணம் தெரியாது, மாத்திரை போடுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அன்றைக்கும் பெட்ரோல் வாசனைதான். சிங்காநல்லூர் சிக்னலில் நிற்கிறான், டேங்கின் மேல் பழுதுப் பை, வெயில், திடீரென்று மூக்குக்குள் பச்சைப் பெட்ரோல், ட்யூப் விட்டுவிட்டது போலிருக்கிறது என்று குனிந்து இடது பக்கம் பார்க்கிறான், பார்த்தது வரைக்கும் இருக்கிறது. அப்புறம் இல்லை. அப்புறம் வானம், வானத்தைச் சுற்றி வட்டமாக முகங்கள், வலது உள்ளங்கையில் யாரோ வண்டிச் சாவியைத் திணித்து அவன் விரல்களை மடக்கி அழுத்திப் பிடித்திருந்தார்கள், இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்குமாம். பேன்ட் நனைந்திருந்தது. அதைத்தான் முதலில் உணர்ந்தான், வலியை அல்ல. கூட்டத்தில் ஒரு பெண் பார்வையைத் திருப்பிக்கொண்டது இப்போதும் கண்ணில் நிற்கிறது. நல்லவேளை பின்னால் உன் பொண்டாட்டி இல்லை என்று ஆஸ்பத்திரியில் அவன் அம்மா சொன்னாள். பின்னால் கலாமணி இல்லை. இன்றைக்கு இருப்பாள். சூலூரில் அவள் தங்கை குழந்தைக்குக் காதுகுத்து, பன்னிரண்டு மணிக்குள் போக வேண்டும், உள்ளே குளித்துவிட்டுத் தலை காயவைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு வருடமாக விசேஷத்துக்கெல்லாம் டவுன் பஸ்ஸில் கசங்கிப் போய் இறங்கிய புடவையை இன்றைக்குக் கசங்காமல் கொண்டுபோகப் போகிறேன் என்று நேற்றே சொன்னாள்.

கார்புரேட்டரைக் கழற்றி ஒரு பழைய தட்டில் வைத்தான். கீழ்க் கிண்ணத்தைத் திறந்ததும் பச்சையாகப் பிசின் படிந்திருந்தது, மாங்காய்ப் பால் காய்ந்த மாதிரி. இங்கேதான். பெட்ரோல் பீய்ச்சுகிற சின்ன ஜெட்டைத் திருகி எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான், ஓட்டையே தெரியவில்லை. சோக் இல்லாமல் நிற்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது, ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஊசி போகாது அதற்குள். கலாமணி பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குக் காப்பர் சுற்றுகிறவள், வேஸ்ட்டில் போகிற துண்டுக் கம்பிகளைக் கொத்தமல்லிக் கட்டுக்கும் பூச்செடிக்கும் ஆகுமென்று கொண்டுவந்து ஜன்னலில் செருகி வைத்திருப்பாள், அதில் மெல்லிசாக ஒன்றை உருவி ஜெட்டுக்குள் விட்டான். கை நடுங்கியது. மாத்திரை நடுக்கம்தான், டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார், கொஞ்சம் நடுக்கம் இருக்கும் என்று. டாக்டரம்மாவிடம் போன வியாழக்கிழமை போனார்கள். இரண்டு வருடம் முடிந்துவிட்டது, இடையில் ஏதாவது வந்ததா என்று கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து கலாமணி, ஒண்ணுமே இல்லீங்க டாக்டர், ஒருக்காக்கூட இல்லீங்க, என்றாள். அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அவன் தலையை ஆட்டினான். அவன் பொய் சொல்லவில்லை, தலையை மட்டும்தான் ஆட்டினான், ஆனால் தலையும் சேர்த்துத்தானே அவன். டாக்டரம்மா தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார், வண்டி ஓட்டலாம், மெதுவாக, பகலில். அந்தத் தாளை வெள்ளிக்கிழமை ஆபீசில் கொடுத்துவிட்டான். இரண்டு வருடமாக அவன் உட்கார்ந்து ஃபோனில் புகார் எழுதிக்கொள்கிற நாற்காலியை எடுக்கப் போகிறார்கள், எல்லாம் இனிமேல் சென்னையிலிருந்தே பார்த்துக்கொள்வார்களாம், திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் ஃபீல்டுக்குப் போங்கள் பூபதி, முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள் என்றார் மேனேஜர். முடியாது என்று சொல்கிறவனுக்கு அங்கே வேறு நாற்காலி இல்லை.

இடையில் வந்தது. ஐப்பசியில் ஒரு காலை, பாத்ரூமில். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, குழாயைத் திறந்து வாளியை வைத்தான், பெட்ரோல் வாசனை. யார் வண்டியோ ஒழுகுகிறது என்றுதான் நினைத்தான், பாத்ரூமுக்குள் எப்படிப் பெட்ரோல் வரும் என்று நினைப்பதற்குள் கன்னத்தின் கீழே தரை ஜில்லென்று இருந்தது. வாளி வழிந்துகொண்டிருந்தது. நாக்கு ஓரம் கிழிந்து வாயெல்லாம் உப்பு. ஆறு நாற்பதுக்கு உள்ளே போனவன் வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தபோது ஆறு ஐம்பத்திரண்டு. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை மூன்று மாதமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை, கறுப்புக்கூட இல்லை. வழுக்கி விழுந்துவிட்டேன் என்று கலாமணியிடம் சொன்னான். அவள் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஒரு வாரம் வாய்ப்புண் என்று தயிர்சோறு சாப்பிட்டான். சொல்லியிருந்தால், வண்டி ஓட்டுவதற்கு வராமலே கழிய வேண்டிய இரண்டு வருடக் கணக்கு அன்றைக்கே சைபராகியிருக்கும், மறுபடி முதலிலிருந்து, அதனால் சொல்லவில்லை, வேறு ஒன்றுமில்லை. இல்லை, அதுமட்டுமில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும். சொல்லாதவரைக்கும் வழுக்கி விழுந்ததாகவும் இருக்கலாம்.

ஜெட்டுக்குள் வானம் தெரிந்தது, கடுகளவு. பூட்டினான். இந்த முறை இரண்டாவது உதைக்கே வந்தது. சோக்கை மெல்ல உள்ளே தள்ளினான், மூச்சைப் பிடித்துக்கொண்டான், வண்டி ஒருமுறை தடுமாறி அப்புறம் பிடித்துக்கொண்டது, ஐடிலிங் ஸ்குரூவை அரைச் சுற்று திருப்பியதும் தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. உள்ளேயிருந்து கலாமணி, ஆச்சுங்களா என்று கேட்டாள். ஆச்சு என்றான். அப்போதுதான் பார்த்தான், டேங்கின் அடியிலிருக்கும் டேப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ட்யூப் காய்ந்து மொறமொறவென்றாகி, வளைவில் ஒரு கீறல், கீறலில் பெட்ரோல் துளி துளியாகக் கோத்து நின்றது. ட்யூப்தான். காலையிலிருந்து வந்த வாசனை ட்யூப்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியில் வைத்திருந்த புது ட்யூபை மாட்டிக் கிளிப்பை இறுக்கினான், துணியால் இஞ்சினைத் துடைத்தான், வடித்த வாளியைக் கொண்டுபோய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தான், கையைத் துணி சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் மூன்று தரம் கழுவினான், சட்டையைக் கழற்றி வேறு மாட்டிக்கொண்டான். வாசலில் வந்து நின்று மூச்சை இழுத்தான். லேசாக வந்தது. ட்யூப் மாட்டியாயிற்று, கை கழுவியாயிற்று, சட்டை மாற்றியாயிற்று. அப்புறம் எங்கேயிருந்து. காற்றில் மிச்சம் இருக்கும். மண்ணில் சிந்தியிருக்கும், மண் அரை நாளைக்கு விடாது. யாரையாவது கேட்டால் தெரிந்துவிடும், சரஸ்வதியக்காவைக் கூப்பிட்டு, அக்கா இங்க பெட்ரோல் வாசனை வருதுங்களா என்று ஒரு வார்த்தை, ஆமா என்றால் நிம்மதி. இல்லை என்றால். அவன் கேட்கவில்லை. ஒரு ரவுண்ட் பார்த்துட்டு வந்தர்றேன் என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு ஏறினான். கலாமணி ஏறுவதற்கு முன்னால் தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். என்ன ஆனாலும் தனியாக இருக்கும்போதே ஆகட்டும்.

சந்திலிருந்து வெளியே வந்து இடது பக்கம் திரும்பினான். கிளட்ச் கொஞ்சம் இறுகியிருந்தது, பிரேக் கீச்சென்றது, மற்றபடி பரவாயில்லை, முகத்தில் காற்று பட்டது. காற்று இப்படிப் படும் என்பதே மறந்துபோயிருந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது. திங்கட்கிழமை முதல் புகார் எந்த ஏரியாவாக இருக்கும் என்று நினைத்தான், பீளமேட்டுப் பக்கம் என்றால் அபார்ட்மெண்ட்டுகள், லிஃப்ட் இருக்கும், லிஃப்டுக்குள் வந்தால், லிஃப்டுக்குள் வந்தாலும் பரவாயில்லை, யாருக்கும் அடிபடாது, மேம்பாலத்தில் வந்தால்தான், மேம்பாலத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போகலாம், பத்து நிமிடம் கூடுதலாகும். எதிரே ரயில்வே கேட் மூடியிருந்தது. அவன் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். வண்டி நியூட்ரலில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கேட் எப்படி வந்தது. சந்து முனையில் திரும்பினான், காற்று பட்டது, கேட். நடுவில் ரேஷன் கடை இருக்கிறது, அதன் முன்னால் உயரமான வேகத்தடை, வாகை மரத்தடியில் வேலாயுதத்தின் இஸ்திரி வண்டி, எதுவும் இல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கியது உடம்புக்கே தெரியவில்லை. யோசனையில் வந்திருப்பான். எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள், தினமும் போகிற வழியில் யார் வேகத்தடையை ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், கியரைக் குறைத்து நியூட்ரல் போட்டு நிற்கத் தெரிந்திருக்கிறதே, நினைவில்லாதவன் நியூட்ரல் போடுவானா. போடுவானோ என்னவோ. சிலர் விழ மாட்டார்கள், வெறித்துக்கொண்டு செய்கிற வேலையைச் செய்துகொண்டே இருப்பார்கள் என்று டாக்டரம்மா ஒருதரம் சொல்லியிருக்கிறார். நாக்கை மடித்துப் பல்லின் மேல் ஓட்டிப் பார்த்தான், காயமில்லை. புறப்படும்போது மணி பார்க்கவில்லை. அதைத்தானே முதலில் பார்த்திருக்க வேண்டும், மடையன். மூக்கில் பெட்ரோல். சுற்றிலும் பத்து வண்டி நிற்கிறது, பத்தும் ஓடிக்கொண்டிருக்கிறது, பெட்ரோல் வாசனை வராமல் என்ன செய்யும். பக்கத்து ஸ்கூட்டர்க்காரர் அவனைப் பார்த்தார், அல்லது அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்தார்.  சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான், இறங்கி, மற்றவர்களின் டயருக்கு நடுவில் தள்ளித் திருப்பினான். ரயில் வருகிற சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இஸ்திரி வண்டி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தான். வேலாயுதம் கரிப்பெட்டியை வீசிக்கொண்டிருந்தான்.

"ஏப்பா, இப்ப நான் இந்தப் பக்கம் வந்தனா?"

வேலாயுதம் சிரித்தான். "என்னங்ணா கேள்வி. இப்பத்தான போனீங்க. வண்டி எடுத்துட்டீங்களான்னு கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

எப்படிப் போனேன் என்று கேட்டான். வண்டியில்தான் என்றான் வேலாயுதம். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினானா, நேராகப் போனானா, முகம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க வேலாயுதத்தின் சிரிப்பு குறைந்தது. மெதுவாகத்தான் போனீங்க, நேராகத்தான் போனீங்க, முகத்தை யார் பார்த்தது, சட்டை தீய்ந்துவிடுமே என்று குனிந்துவிட்டேன் என்றான். வண்டிச் சத்தத்தில் கூப்பிட்டது கேட்டிருக்காது என்று அவனே ஒரு சமாதானமும் சொன்னான். கேட்டிருக்காது. கேட்டிருக்காமலும் இருக்கலாம், கேட்க ஆள் இல்லாமலும் இருந்திருக்கலாம். இதை யாராலும் இனிமேல் சொல்ல முடியாது, வேலாயுதத்தாலும் முடியாது, டாக்டரம்மாவாலும் முடியாது, அவனாலேயே முடியாது. பூபதி மறுபடி தள்ள ஆரம்பித்தான். ரேஷன் கடை வந்தது, வேகத்தடை வந்தது, முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. பின்னால் அவள் உட்கார்ந்திருந்தால் ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டு, ஒரு கையால் புடவையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவன் தோளில் வைத்துக்கொண்டு தங்கையைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டே வருவாள். பதில் வரவில்லை என்றால் காற்றில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள். இன்னும் கொஞ்சம் காதருகே குனிந்து சொல்வாள்.

வாசலில் கலாமணி மெரூன் பட்டில் நின்றுகொண்டிருந்தாள், பூ வைத்திருந்தாள், கையில் சீர்ப் பை. வண்டியை அவன் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் முகம் விழுந்தது, உடனே சரிசெய்துகொண்டாள்.

"மறுக்கா நின்னுபோச்சுங்ளா? அந்த ஜெட்டுலயே தூசு அடைச்சிருக்கும், உடுங்க."

ஆமாம் என்றால் போதும். ஒரு வார்த்தை, அவளே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் போய்விடலாம், இன்றைக்கு முடிந்துவிடும். நாளைக்கு வேறு ஏதாவது ஒரு வார்த்தை. அவன் சைடு ஸ்டாண்டைப் போட்டான், சரியாகப் போட்டதா என்று காலால் தட்டிப் பார்த்தான், கையைப் பேன்டில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வண்டியில ஒண்ணுமில்ல புள்ள. நல்லாத்தான் ஓடுது."

"பின்ன ஏனுங்க தள்ளீட்டு வர்றீங்க?"

"அன்னிக்குப் பாத்ரூம்ல நான் வழுக்கி விழுகல."

அவளுக்குப் புரியவில்லை. எந்த அன்றைக்கு என்று கண்ணால் தேடினாள், தேடிக் கண்டுபிடித்தது முகத்தில் தெரிந்தது. அவன் மற்றதையும் சொல்ல ஆரம்பித்தான், நாக்கைச் சொன்னான், தயிர்சோற்றைச் சொன்னான், இப்போது ரயில்வே கேட்டுக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை என்றான், நடுவில் ஒருமுறை, இங்கே பெட்ரோல் வாசனை வருகிறதா என்று கேட்டான், அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை, காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பட்டுப் புடவையோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று நினைத்தான். என்னையே பொய் சொல்ல வைத்துவிட்டீர்களே என்பாள், திங்கட்கிழமை என்ன செய்யப் போகிறீர்கள் என்பாள். மூன்று மாதமாக ராத்திரிகளில் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக்கி வைத்திருந்தான்.

"நான் கதவத் தட்டுனேன்" என்றாள் கலாமணி. அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். "தண்ணி வழியற சத்தம் கேட்டுது. மோட்டாரு ஓடுது, தண்ணி வீணாப் போகுதுன்னு தட்டுனேன். நீங்க பேசல. எருமை மாதிரி நின்னுட்டே தூங்கறீங்களான்னு கத்திட்டு, கோவத்துல பால் வாங்கப் போயிட்டேன்."

இது அவனுக்குத் தெரியாது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் யாருமே இருந்ததில்லை, அவன்கூட. கதவுக்கு அந்தப் பக்கம் இவள் நின்றிருக்கிறாள், தட்டியிருக்கிறாள், பேரைச் சொல்லிக்கூடத் திட்டியிருப்பாள்.

"அது தகரக் கதவு. ஒரு ஒதை ஒதைச்சிருந்தாத் தாப்பாள் வந்திருக்கும்" என்றாள். அப்புறம்தான் அழுதாள், சத்தமில்லாமல், முந்தானை கெடக் கூடாது என்று உள்ளங்கையால் துடைத்துத் துடைத்து. அவன் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். சரஸ்வதியக்கா கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கலாமணி ஃபோனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டு, வர்றதுக்கு நேரமாகும், பஸ்ஸுலதான் வர்றோம், எங்களுக்காகக் காத்துட்டு இருக்காமக் கொழந்தைய மாமன் மடியில உக்கார வெச்சுக் குத்தீருங்க என்றாள். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். வந்து சொல்றேன் என்றாள். நாளைக்குத் திங்கட்கிழமை காலையில் இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அதற்கப்புறம் ஆபீசுக்கு நானும் வருகிறேன் என்று அவனிடம் சொன்னாள். மேனேஜரிடம் என்ன சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, அதையும் சொன்னாள்.

மெயின் ரோட்டைத் தாண்டும்போது அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பூபதிக்குக் கூச்சமாக இருந்தது, எதிரே டீக்கடையில் தெரிந்த முகங்கள், கையை உருவிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றி, அப்படியே விட்டுவிட்டான். மூக்கில் ஏதோ வந்துகொண்டுதான் இருந்தது, இன்னதென்று பிரித்துப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. சூலூர் பஸ் கூட்டமாக வந்து நின்றது. எப்போதும் ஓடிப்போய் முதலில் ஏறி இடம் பிடிக்கிறவள் கலாமணிதான். இன்றைக்கு அவள் சீர்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அவன் ஏறினான். இரண்டு படிக்கட்டும் ஏறி முடிக்கும்வரை முதுகுக்குப் பின்னால், தொடாமல், அவள் இரண்டு கைகளும் விரிந்து நின்றன.